வீட்டில் ஒரு வயதான பட்டாளத்துக்காரர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் அப்பா மதராஸ் சாப்பர்ஸ், அதாவது ராணுவத்தின் பொறியாளர் படைப்பிரிவு. 1962இல் சீனப் போர் முடிந்த கையோடு ராணுவத்துக்கு ஏராளமாக ஆள் எடுத்தார்களே, அப்போது வேலூர்ப் பக்கத்திலிருந்து பெங்களூருக்கு ரயிலேறிய பையன்களில் அவரும் ஒருவர். பாகிஸ்தானோடு நடந்த 1965, 1971 இரண்டு போரையும் பார்த்தவர். அவருக்கும் அம்மாவுக்கும் எண்பதாம் கல்யாணம் செய்தபோது, பட்டாளத்தில் அவர் இருந்த காலத்தையும் அந்தக் காலத்தில் அம்மா இங்கே குடும்பத்தைத் தாங்கியதையும் சேர்த்தே மேடையில் சொன்னோம். அதைப் பார்த்த சொந்தக்காரர்களும் அவர்களுக்குத் தெரிந்தவர்களும் "எங்க வீட்லயும் ஒரு மிலிட்டரிக்காரர் இருக்கார், நாங்க என்ன செய்யலாம்" என்று இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

ஒரு சால்வை, ஒரு மாலை, ஒரு ஷீல்டு. இது போதாதா?

போடுங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். அவருக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கும். ஆனால் சால்வை போடுகிற பேரனுக்குத் தாத்தா எந்தப் படைப்பிரிவில் இருந்தார், எந்த ஊரில் பனியில் நின்றார், எந்த வருஷம் தீபாவளிக்கு வரவில்லை என்று ஒன்றுமே தெரியாமல் இருந்தால் அந்தச் சால்வைக்கு என்ன அர்த்தம்? என்னைக் கேட்டால் முதல் மரியாதை, பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது. இரண்டாவது, அவருடைய காகிதங்களைச் சரி செய்து வைப்பது. மூன்றாவது, அவர் மனைவி உயிரோடு இருந்தால் அவரையும் அதே அளவுக்குக் கொண்டாடுவது. சால்வையெல்லாம் அதற்கப்புறம்.

அப்பா எங்கே, என்ன வேலை பார்த்தார் என்றே எங்களுக்குச் சரியாகத் தெரியாது. எங்கிருந்து தொடங்குவது?

டிஸ்சார்ஜ் புக்கிலிருந்து, அதாவது படையை விட்டு வரும்போது கொடுக்கிற பணிப் புத்தகத்திலிருந்து. பெரும்பாலும் பழைய ட்ரங்குப் பெட்டியின் அடியில், பாலித்தீன் கவரில் மடித்து வைத்திருப்பார். படை எண், சேர்ந்த தேதி, வெளிவந்த தேதி, டிரேடு (பார்த்த வேலை), கடைசிப் பதவி, பெற்ற பதக்கங்கள் என்று முக்கால்வாசி விவரம் அதில் கிடைத்துவிடும். அந்தப் பெட்டியையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள், வெள்ளைப் பெயின்டில் எண்ணும் பெயரும் எழுதியிருக்கலாம். பதக்கம் இருந்தால் அதன் விளிம்பைப் பாருங்கள், அதிலும் எண்ணும் பெயரும் பொடி எழுத்தில் பொறித்திருப்பார்கள்.

பழைய இன்லேண்டு லெட்டர்கள் கிடைத்தால் பொக்கிஷம். அதில் ஊர்ப் பெயர் இருக்காது, "56 ஏ.பி.ஓ." அல்லது "99 ஏ.பி.ஓ." என்றுதான் முகவரி இருக்கும். கள அஞ்சல் நிலையங்களுக்கான முகவரி அது, ஆள் எங்கே நிற்கிறார் என்று வெளியே தெரியக்கூடாது என்பதற்காக. 99 பொதுவாகக் கிழக்குப் பகுதிக்கு. கூடவே யூனிட்டின் பெயரும் தேதியும் இருந்தால் அவர் எந்தப் பக்கம் இருந்தார் என்று ஓரளவு ஊகித்துவிடலாம்.

டிஸ்சார்ஜ் புக்கே இல்லை என்றால் அந்தப் படைப்பிரிவின் ரெக்கார்ட் ஆபீசுக்கு, அதாவது வீரர்களின் பணிப் பதிவுகள் இருக்கிற அலுவலகத்துக்கு எழுத வேண்டும். மதராஸ் ரெஜிமெண்ட் என்றால் நீலகிரி வெலிங்டன். மதராஸ் சாப்பர்ஸ் பெங்களூர், பீரங்கிப்படை நாசிக் ரோடு, தகவல் தொடர்புப் பிரிவான சிக்னல்ஸ் ஜபல்பூர், வண்டிகளையும் கருவிகளையும் பழுதுபார்க்கிற இ.எம்.இ. செகந்திராபாத், ராணுவ மருத்துவப் பிரிவு லக்னோ. படை எண் இல்லாமல் எழுதினால் தேடுவது ரொம்பக் கஷ்டம், அதனால் அந்த எண்ணை மட்டும் எப்படியாவது கண்டுபிடித்துவிடுங்கள். அவரிடமே கேளுங்களேன். காலையில் என்ன சாப்பிட்டோம் என்று மறந்துபோனவர்கூட அந்த எண்ணைத் தடுமாறாமல் சொல்வதைப் பார்த்திருக்கிறேன்.

பதக்கங்கள் இருக்கின்றன. எது எதற்கு என்று தெரியவில்லை.

1965 போர் என்றால் இரண்டு. போர்ப் பகுதியில் இருந்தவர்களுக்கு சமர் சேவா ஸ்டார், அந்தச் சமயத்தில் பொதுவாகப் படையில் பணியிலிருந்தவர்களுக்கு ரக்ஷா மெடல். 1971க்கு மூன்று. கிழக்கில், அதாவது இன்றைய வங்கதேசத்துப் பக்கம் இருந்தவர்களுக்குப் பூர்வி ஸ்டார், மேற்கில் இருந்தவர்களுக்குப் பஸ்சிமி ஸ்டார், பொதுவாகச் சேவையில் இருந்தவர்களுக்குச் சங்கிராம் மெடல். இவை போக, சுதந்திரத்தின் 25ஆம் ஆண்டுக்கு 1972இல் கொடுத்த மெடல், சைன்ய சேவா மெடல், 9 வருஷம், 20 வருஷம் முடித்ததற்கான நீண்ட சேவை மெடல்கள் எல்லாம் இருக்கலாம்.

"இதெல்லாம் எல்லாருக்கும் கொடுத்ததுதானே" என்று சிலர் சொல்வார்கள், அவரே கூடச் சொல்வார். வீரதீர விருதுகள் வேறு, உண்மைதான். ஆனால் பஸ்சிமி ஸ்டார் இருக்கிறது என்றால் அந்த மனிதர் 1971இல் மேற்கு எல்லைப் பக்கம் இருந்திருக்கிறார். அந்த டிசம்பர் 3இலிருந்து இரண்டு வாரம் அவர் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிட்டிருக்கமாட்டார்கள். அது சின்ன விஷயமா?

பதக்கங்களை அவர் இப்போது அணியலாமா? நாங்கள் அணியலாமா?

அவர் தாராளமாக அணியலாம். விசேஷங்களில், கோட்டிலோ சட்டையிலோ, இடது மார்பில். பழைய சீருடையை எடுத்து மாட்டிவிட வேண்டாம், ஓய்வு பெற்றவர்கள் சீருடை அணிவதற்குக் கட்டுப்பாடு உண்டு, பதக்கமே போதும். அவர் காலமான பிறகு மனைவியோ பிள்ளைகளோ அணிவதானால் வலது மார்பில் அணிவது வழக்கம். பளபளவென்று இருக்கட்டும் என்று புளியும் பிராசோவும் போட்டுத் தேய்க்காதீர்கள், விளிம்பு எழுத்து தேய்ந்துவிடும். மெல்லிய துணியால் துடைத்தால் போதும். ரிப்பன் நைந்திருந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பதக்கம் தொலைந்திருந்தாலோ, வரவே இல்லை என்றாலோ ரெக்கார்ட் ஆபீஸ் வழியாகத்தான் கேட்க வேண்டும்.

போரைப் பற்றிக் கேட்டால் எழுந்து போய்விடுகிறார்.

போக விடுங்கள். "எத்தனை பேரைச் சுட்டீங்க தாத்தா" என்று குழந்தைகள் கேட்பார்கள், அந்தக் கேள்வி மட்டும் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

போரை விட்டுவிட்டு மற்றதைக் கேளுங்கள். முதல் முறை வீட்டை விட்டுப் போன நாள் எப்படி இருந்தது, ட்ரெயினிங்கில் உஸ்தாத் (பயிற்சி கொடுத்தவர்) யார், சப்பாத்தி பழக எத்தனை நாள் ஆனது, மெட்ராஸ் சென்ட்ரலில் ஜி.டி. எக்ஸ்பிரஸ் ஏறி டெல்லி, அங்கிருந்து பதான்கோட் போகிற வரைக்கும் யாரோடு பேசிக்கொண்டு போனீர்கள் (அப்போது ஜம்முவுக்கு ரயில் கிடையாது, பதான்கோட்டில் இறங்கி லாரியில்தான் போக வேண்டும்), குளிரில் கையை எப்படிக் காப்பாற்றிக்கொண்டீர்கள், சம்பளத்தில் வீட்டுக்கு எவ்வளவு மணியார்டர் அனுப்பினீர்கள். எங்கள் அப்பா இப்படித்தான் பேச ஆரம்பித்தார். சாப்பாட்டில் தொடங்கி, கூடவே இருந்த ஒரு மலையாளி நண்பரைப் பற்றிச் சொல்லி, அப்புறம் ஒருநாள் அவராகவே கண்ணிவெடி வயலைப் பற்றிப் பேசினார்.

சாப்பர்களின் வேலையே அதுதான். 1971இல் மேற்கே பசந்தர் ஆற்றுப் பக்கம், ஷகர்கர் பகுதியில், எதிரி புதைத்து வைத்த கண்ணிவெடிகளை இருட்டில் எடுத்து டாங்கிகள் போக வழி செய்தவர்களில் மதராஸ் சாப்பர்கள் இருந்தார்கள். அந்தச் சண்டையில் டாங்கியோடு நின்று உயிர் கொடுத்த அருண் கேத்ரபாலை, பரம்வீர் சக்ரா பெற்றவர் என்று பலருக்கும் தெரியும். அந்த டாங்கிகள் ஆற்றைத் தாண்டுவதற்கு முன்னால் மண்ணில் முட்டி போட்டு வழி திறந்தவர்களை அவரவர் வீட்டிலேயே பலருக்குத் தெரியாது. இதைச் சொல்லும்போது எனக்கு இன்னும் தொண்டை அடைக்கிறது.

பேசும்போது போனில் பதிவு செய்துகொள்ளுங்கள், அவரிடம் சொல்லிவிட்டு. ஒரே மூச்சில் முடிக்க நினைக்காதீர்கள், அரைமணி நேரம் பேசினாலே களைத்துவிடுவார். குண்டுச் சத்தத்தில் வேலை பார்த்தவர்களுக்குக் காது மந்தமாக இருக்கும், எதிரே உட்கார்ந்து பேசுங்கள். தீபாவளி வெடிச் சத்தத்துக்கே சிலர் முகம் மாறிவிடும். அப்படி இருந்தால் அதை மதியுங்கள், "மிலிட்டரில இருந்துட்டு பயப்படுறீங்களா" என்று கேலி செய்ய விடாதீர்கள். தூக்கத்தில் கத்துவது, திடுக்கிட்டு எழுவது என்று இருந்தால் எண்பது வயதானாலும் மனநல மருத்துவரைப் பார்க்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எங்கள் மாமா போர்முனைக்கே போகவில்லை, சப்ளை டிப்போவில் இருந்தார். அவரைப் போர்வீரர் என்று சொல்லலாமா?

சொல்லலாம். ரேஷனும் டீசலும் போகாமல் எந்தப் படை நின்றது? வண்டி ஓட்டியவர், வயர்லெஸ்ஸில் உட்கார்ந்தவர், சமைத்தவர், காயம்பட்டவர்களைத் தூக்கியவர் எல்லாரும் படைவீரர்கள்தான். ஆனால் அவர் செய்யாததைச் செய்ததாக மேடையில் சொல்லாதீர்கள். அவருக்கே அது சங்கடம், கூட வேலை பார்த்தவர் யாராவது கீழே உட்கார்ந்திருப்பார்.

அம்மாவையும் சேர்த்துக் கொண்டாட வேண்டும் என்கிறீர்களே, எப்படி?

இதைத்தான் நான் எல்லாரிடமும் அழுத்திச் சொல்வது. அந்தக் காலத்து ஜவான்களில் பெரும்பாலானவர்களுக்குக் குடும்பத்தோடு தங்க குவார்ட்டர்ஸ் கிடைத்தது கொஞ்ச வருஷம்தான். மீதிக் காலம் முழுக்க மனைவி மாமியார் வீட்டில். வருஷத்துக்கு இரண்டு மாத லீவு. அந்த இரண்டு மாதத்தில்தான் நாத்தனார் கல்யாணம், நிலத்துத் தகராறு, வீட்டுக் கூரை, பிள்ளை பெறுவது எல்லாமே. அவர் லீவு முடிந்து போனதும் மாடு, கழனி, பள்ளிக்கூடம், வயதான மாமனார் என்று எல்லாவற்றையும் தாங்கியது அவள். மணியார்டர் வருகிற தேதிதான் அவளுக்கு மாதப் பிறப்பு. லீவில் வந்த அப்பாவைப் பார்த்து "யாரும்மா இந்த ஆளு" என்று கேட்ட பிள்ளைகள் எங்கள் தெருவிலேயே உண்டு. தபால்காரர் தெருவுக்குள் தந்தியோடு நுழைந்தால் எந்த வீட்டு வாசலில் நிற்கப்போகிறாரோ என்று அத்தனை மிலிட்டரி வீட்டுப் பெண்களும் வாசலுக்கு வருவார்களாம்.

அதனால் அம்மாவிடமும் தனியாக உட்கார்ந்து கேளுங்கள், அவரையும் பதிவு செய்யுங்கள். 1971இல் செய்தி எப்படித் தெரிந்தது, ரேடியோ யார் வீட்டில் இருந்தது, கடிதத்தை யார் படித்துக் காட்டினார்கள், பதில் யார் எழுதித் தந்தார்கள், எதை எழுதாமல் மறைத்தார்கள். எங்கள் அம்மா என் அண்ணனுக்கு வந்த டைபாய்டை அப்பாவுக்கு எழுதவே இல்லை. அப்பாவுக்கு அது தெரிந்ததே எண்பதாம் கல்யாணத்தில்தான்! விழாவில் நாற்காலி இரண்டாக இருக்கட்டும், மாலை இரண்டாக இருக்கட்டும், பேசுகிறவர்கள் அம்மாவின் பெயரையும் சொல்லிப் பேசட்டும்.

எண்பதாம் கல்யாணம் அல்லது பிறந்தநாள் விழாவில் என்னவெல்லாம் செய்யலாம்?

அவர் சேர்ந்த தேதியிலிருந்து ஓய்வு பெற்ற தேதி வரை எந்தெந்த ஊரில் இருந்தார் என்று ஒரு வரைபடத்தில் குறித்துப் பெரிதாக ஒட்டுங்கள், வருகிறவர்கள் எல்லாரும் அதன் முன்னால்தான் நிற்பார்கள். பழைய படங்களைப் பெரிதாக்கி மாட்டுங்கள். உள்ளூரிலோ பக்கத்து ஊரிலோ இருக்கிற முன்னாள் படைவீரர்களைத் தேடிப்பிடித்து அழையுங்கள், இதைவிடப் பெரிய பரிசு அவருக்குக் கிடையாது. வேலூர் மாவட்டத்தில் கம்மவான்பேட்டை மாதிரி ஊர்களில் இது சுலபம், வீட்டுக்கு வீடு ராணுவக்காரர்கள் என்பதால் ராணுவப்பேட்டை என்றே கூப்பிடுவார்கள். மதராஸ் ரெஜிமெண்ட்காரர்கள் நாலு பேர் சேர்ந்துவிட்டால் "வீர மதராசி, அடி கொல்லு" என்று தங்கள் போர்முழக்கத்தை அவர்களே ஆரம்பித்துவிடுவார்கள், நீங்கள் ஒன்றும் ஏற்பாடு செய்ய வேண்டாம்.

அழைப்பிதழில் பதவியைச் சரியாகப் போடுங்கள். நாயக் என்றால் நாயக், ஹவில்தார் என்றால் ஹவில்தார். மரியாதைக்காக "கேப்டன்" என்று கூட்டிப் போடக்கூடாது. ஹானரரி கேப்டன் என்பது ஜே.சி.ஓ.க்களுக்கு (சுபேதார் போன்ற இளநிலை அதிகாரிகளுக்கு) குடியரசு நாளிலும் சுதந்திர நாளிலும் முறைப்படி கொடுக்கிற பதவி, அவர் அதை வாங்கியிருந்தால் பெருமையாகப் போடுங்கள்.

தேதி பார்க்கிறவர்களுக்கு: டிசம்பர் 7 கொடிநாள், டிசம்பர் 16 டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்த வெற்றி நாள். ஜனவரி 14 முன்னாள் படைவீரர் நாள், முதல் இந்தியத் தலைமைத் தளபதி கரியப்பா 1953இல் ஓய்வு பெற்ற தேதி அது. போகி, பொங்கலை ஒட்டி வருவதால் வெளியூர்ப் பிள்ளைகள் எல்லாம் வீட்டில் இருப்பார்கள், எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு அதுவே வசதி.

அப்பா இலங்கைக்குப் போன அமைதிப்படையில் இருந்தவர். அதைப் பற்றிப் பேசலாமா?

பேசலாம், கவனமாக. 1987 முதல் 1990 வரை நடந்த அந்த விஷயத்தில் தமிழ் சிப்பாய்கள் பட்ட பாடு தனி. எதிரே நிற்பவரும் தமிழ் பேசுகிறார், வீட்டு வாசலில் அழுகிற கிழவியும் தமிழில் அழுகிறார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் அங்கே இறந்தார்கள், அங்குள்ள தமிழ் மக்கள் பட்ட துயரமோ மிகப் பெரியது. திரும்பி வந்தபோது சென்னையில் வரவேற்புக்கு அன்றைய முதல்வர் கருணாநிதி போகவில்லை. ஊரிலும் பலர் அதைப் பற்றி வாய் திறக்காமலே இத்தனை வருஷம் இருந்துவிட்டார்கள். அவர் பேசினால் நியாயம் சொல்லாமல், வாதாடாமல் கேளுங்கள். மேடையில் இது வேண்டுமா என்பதை அவரே முடிவு செய்யட்டும்.

காகிதங்களைச் சரிசெய்வது என்றீர்களே, என்ன காகிதம்?

முதலில் அம்மாவின் பெயரும் பிறந்த தேதியும். ராணுவப் பதிவில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், வங்கியில் ஒரு பெயர் என்று இருக்கும். ஊரில் கூப்பிடுகிற பெயரைக் கொடுத்துவிட்டு வந்திருப்பார்கள். அவர் இருக்கும்போதே திருத்துவது எளிது, அவர் போன பிறகு குடும்ப ஓய்வூதியத்துக்காக அந்த அம்மா அலைவது கொடுமை. ரெக்கார்ட் ஆபீசில் பார்ட் டூ ஆர்டர் என்ற பதிவு உத்தரவு போட்டுத் திருத்துவார்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் எப்படி விண்ணப்பிப்பது என்று சொல்லித் தருவார்கள், பெரும்பாலும் மாவட்டத் தலைநகரில் இருக்கும்.

அடுத்தது வயது. 80 நிறைந்தால் அடிப்படை ஓய்வூதியத்தில் 20% கூடுதல், 85இல் 30%, 90இல் 40%, 95இல் 50%, 100 வயதில் இன்னொரு முழு ஓய்வூதியம். குடும்ப ஓய்வூதியம் வாங்குகிறவர்களுக்கும் இதே கணக்குதான். ஆனால் பதிவில் பிறந்த தேதி இல்லாவிட்டால் அது தானாக வராது. வயதான எத்தனையோ அம்மாக்கள் இதை விட்டுவிட்டார்கள். தயவுசெய்து இன்றைக்கே பி.பி.ஓ.வை, அதாவது ஓய்வூதிய ஆணையை, எடுத்துப் பாருங்கள்.

இப்போது ஓய்வூதியம் பெரும்பாலும் ஸ்பர்ஷ் என்ற இணைய முறையில் வருகிறது. வருஷத்துக்கு ஒருமுறை வாழ்நாள் சான்று கொடுக்க வேண்டும். கைரேகை தேய்ந்து பதியவில்லை என்றால் முக அடையாளத்திலும் செய்யலாம், பேரப்பிள்ளைகள் போனிலேயே செய்து கொடுக்கலாம். முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ்.ஸின் அட்டை இருவருக்கும் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சீக்கிரமே வெளியே வந்துவிட்டார், பென்ஷனே இல்லை.

ஹவில்தார் வரையிலான பதவியில் இருந்து, ஓய்வூதியம் இல்லாமல் 65 வயதைத் தாண்டிய, வறுமையில் இருக்கிற முன்னாள் படைவீரர்களுக்கும் விதவைகளுக்கும் பாதுகாப்புத் துறையின் நல நிதியிலிருந்து உதவித்தொகை உண்டு. அதே மாவட்ட அலுவலகத்தில்தான் விண்ணப்பம். "நான் பாதியில வந்தவன், எனக்கெதுக்கு" என்று சொல்கிறவர்களைப் பிள்ளைகள்தான் கையைப் பிடித்து அழைத்துப்போக வேண்டும்.

மறதி வந்துவிட்டது. ராத்திரியில் இந்தியில் பேசுகிறார், யாரோ பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்.

திருத்த வேண்டாம். பதினெட்டு, பத்தொன்பது வயதில் தமிழ் மட்டும் தெரிந்து போய் அங்கே கற்ற மொழி அது, அந்த நாட்கள் திரும்பி வருகின்றன. "டியூட்டி முடிஞ்சிடுச்சு சாப், படுங்க" என்று சொன்னால் படுத்துவிடுகிறவர்கள் உண்டு. அவர் கூப்பிடுகிற பெயரைக் குறித்துவைத்து, பகலில் தெளிவாக இருக்கும்போது மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்.

அவர் காலமானால் தேசியக் கொடி போர்த்தலாமா?

நாமாகப் போர்த்தக் கூடாது. கொடி விதிப்படி அரசு மரியாதையோடு அல்லது படை மரியாதையோடு நடக்கிற இறுதிச் சடங்குக்குத்தான் அது. அப்போதும் கொடியைக் குழியில் இறக்கவோ எரிக்கவோ கூடாது, முன்பே எடுத்துவிட வேண்டும். மாவட்ட நல அலுவலகத்துக்கு உடனே தகவல் சொல்லுங்கள், ஈமச்சடங்கு உதவி பற்றியும் அங்கேயே கேட்கலாம். பக்கத்தில் ராணுவ முகாம் இருந்தால் மலர்வளையம் வைக்க ஆள் அனுப்புவதும் உண்டு. உள்ளூர் முன்னாள் படைவீரர்கள் வந்து வரிசையாக நின்று ஒரு சல்யூட் அடிப்பார்கள், அதற்கு யாரிடமும் அனுமதி வேண்டாம். அன்றே ரெக்கார்ட் ஆபீசுக்கும் வங்கிக்கும் எழுத மறக்காதீர்கள்.

பதிவு செய்ததையும் படங்களையும் என்ன செய்வது?

ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலும் மெல்லிய பென்சிலால் யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று இப்போதே எழுதிவிடுங்கள், அவர் மட்டுமே அடையாளம் சொல்லக்கூடிய முகங்கள் அவை. அவர் சொன்னதைத் தட்டச்சு செய்து, அவர் படை எண்ணை முதல் பக்கத்தில் போட்டு, பேரப்பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். வெலிங்டனிலும் பெங்களூரிலும் ரெஜிமெண்ட் அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. அபூர்வமான படமோ கடிதமோ இருந்தால் நகலை அவர்களுக்குக் கடிதத்தோடு அனுப்பிக் கேட்கலாம், அசல் உங்களிடமே இருக்கட்டும்.

அவரால் பயணம் செய்ய முடியும் என்றால் அவர் பயிற்சி எடுத்த ஊருக்கு ஒருமுறை கூட்டிக்கொண்டு போங்கள், உள்ளே போக முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்க வேண்டும். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அத்தனை வருஷம் கடிதத்தின் மேல் எழுதிய அந்த முகவரியை அம்மா பார்த்ததே இருக்காது.